பூபேஷ் இல்லாமல் இயங்காது

நந்தகோபால் என்ற பெயரைத் திரையில் பார்த்ததும் சிந்துஜா சிரித்துவிட்டாள். ஒரு மனுஷனின் நெஞ்சுக்குள் புதிதாக வைத்த கருவி வேலை செய்யவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது, அவரை வெளியே இருக்கிற மெஷினோடு ஒயரால் கட்டி மேல் மாடியில் படுக்கப் போட்டிருக்கிறார்கள், இங்கே ஒருத்தி உட்கார்ந்து சிரிக்கிறாள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நினைத்துக்கொள்ளட்டும். இந்தச் சிரிப்பை அவள் பல வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்தாள்.

"எதுக்குச் சிரிக்கிறீங்க?" என்றார் டாக்டர் ஃபௌசியா. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி அது. இதயப் பிரிவு முழுக்க ஃபௌசியாவின் பொறுப்பு. சிந்துஜாவின் வேலை வேறு. உடம்புக்குள் வைக்கிற கருவிகளில் மென்பொருளை ஏற்ற வேண்டும். ஏற்றியவை ஒன்றோடொன்று சண்டை பிடித்தால் விலக்கிவிட வேண்டும். இதயத்துக்கு ஒன்று, காதுக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்று வயசாளிகளின் உடம்பே ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டராகிவிட்ட காலம். எல்லாம் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில்தான் ஓடின.

"ஒண்ணுமில்லீங்க டாக்டர். தெரிஞ்ச பேரு."

திரையில் நான்கு வரி இருந்தது. நினைவுத் துணைக்குத் தாளம் 2 வேண்டும். இதயத் துணைக்குத் தாளம் 3 வேண்டும். இரண்டையும் ஒருசேர நிறுவ இயலாது. நிறுவல் கைவிடப்பட்டது.

"இதை எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்களேன்" என்றார் ஃபௌசியா.

"வீட்ல ஒரே பாத்திரத்துல மாவு இருக்குதுன்னு வெச்சுக்குங்க. இட்லி ஊத்தறவங்களுக்கு மாவு கெட்டியா வேணும். தோசை ஊத்தறவங்களுக்குக் கொஞ்சம் தண்ணியா வேணும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கரண்டிய விடறாங்க. என்ன பண்ணுவீங்க?"

"இன்னொரு பாத்திரம் எடுப்பேன்."

"அதத்தான் எடுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டு வெச்சிருக்காங்க. ஒரு உடம்புக்கு ஒரு பிரதி. எந்த லைப்ரரியா, அதாவது பொது நிரலா இருந்தாலும் உடம்புக்குள்ள ஒண்ணுதான் இருக்கோணும், எல்லாக் கருவியும் அதையேதான் பங்கு போட்டுக்கோணும்."

"எந்தப் புண்ணியவான் போட்டான் இப்படி ஒரு சட்டத்தை?"

சிந்துஜா திரையில் இருந்த நோயாளியின் பெயரை விரலால் தொட்டுக் காட்டினாள். ஃபௌசியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வெளி மெஷின்ல ரொம்ப நாள் வெச்சிருக்க முடியாது, சிந்துஜா. சளி கட்ட ஆரம்பிச்சிருச்சு. வேற ரெண்டு எடத்துல கேட்டுட்டேன், ஒண்ணை எடுத்தாத்தான் ஒண்ணு ஓடும்னு சொல்றாங்க. இதயத்தை எடுக்க முடியாது. நினைவுத் துணையை எடுத்தா மனுஷனுக்குப் பெத்த பொண்ணு யாருன்னே தெரியாது. மறதி நோய் அவ்வளவு முத்திப்போச்சு, அந்தக் கருவி இருக்கறதாலதான் நல்லாப் பேசிட்டிருக்கார். தாளத்தை முதல்ல எழுதினது நீங்கதான்னு யாரோ சொன்னாங்க. அதான் வந்தேன்."

"யாரோ சொன்னாங்களா? பரவாயில்லீங்களே. அப்ப ஊர்ல இன்னும் ஒரு ஆளுக்காவது ஞாபகம் இருக்குது."

தாளம் அப்படியொன்றும் பெரிய சரக்கில்லை. உடம்புக்குள் இருக்கிற கருவிகள் எல்லாம் ஒரே நேரக்கணக்கில் ஓட வேண்டுமல்லவா, அதற்குத் துடிப்பை எண்ணிக் கொடுக்கிற ஒரு சின்ன நிரல். இந்த மாதிரிப் பொதுச் சரக்கைத்தான் நிரல் எழுதுகிறவர்கள் லைப்ரரி என்பார்கள். ஒருத்தர் எழுதி வைத்தால் ஊரே எடுத்துப் பிழைக்கும். சிந்துஜா கல்யாணமான புதிதில், சமையல் மேடையில் லேப்டாப்பை வைத்து, குக்கர் விசிலுக்கு நடுவே எழுதியது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்தாள். பராமரிப்பவர் என்ற இடத்தில் மட்டும் அவள் பெயர் இருந்தது.

அதில் அவளைவிட அவள் புருஷன் பூபேஷுக்குத்தான் பெருமை. கேஸ் சிலிண்டர் போட வருகிறவரைக்கூட விடமாட்டான். "எங்கூட்டுக்காரி எழுதினது எத்தன நெஞ்சுக்குள்ள ஓடுது தெரியுமுங்களா?" என்று பிடித்து நிறுத்திச் சொல்வான். அவன் நெஞ்சிலும் அதுதான் ஓடியது. பிறவியிலேயே அவனுக்கு இதயத்தில் கோளாறு. இளைஞனாக இருக்கும்போதே கருவி வைத்துவிட்டார்கள்.

அவள் எழுதியதில் ஒரு பிழை இருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் தாளம் இம்மியளவு தயங்கும். அவள் அதைக் கண்டுபிடிப்பதற்குள் இதயக் கருவி செய்கிறவர்கள் அந்தத் தயக்கத்தையும் கணக்கில் சேர்த்துத் தங்கள் நிரலை எழுதி முடித்துவிட்டார்கள். பிழையோ சரியோ, நாலு பேர் அதை நம்பிப் பழகிவிட்டால் சத்தமில்லாமல் திருத்தக் கூடாது. திருத்தினால் பெயருக்குப் பின்னால் இருக்கும் எண்ணை ஏற்ற வேண்டும். இது வேறு, பழையது வேறு என்று கருவிகளுக்குச் சொல்ல அது ஒன்றுதான் வழி. இந்தத் தொழிலில் நேற்றுச் சேர்ந்த பிள்ளைக்கும் இது தெரியும்.

நந்தகோபாலுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவள் வேலை பார்த்த கருவிக் கம்பெனிக்கு அவர்தான் தலைவர். தாளத்தைக் கம்பெனிக்குள் எடுத்துக்கொண்டார். ஒரு திங்கட்கிழமை அவள் ஆபீசுக்குப் போனபோது பராமரிப்பவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. கேட்டதற்கு, "எல்லாம் நம்ம குடும்பம்தானே அம்மணி" என்று சிரித்தார். சரி, பெயர்தானே போகட்டும் என்று அவளும் விட்டாள். பிறகு அந்தத் தயக்கத்தைத் திருத்தினார்கள். எண்ணை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் ஒவ்வொரு கருவிக்கும் அரசாங்க ஒப்புதலை முதலிலிருந்து வாங்க வேண்டும், தீபாவளிக்குள் சந்தைக்கு வர முடியாது.

எண் அதே 2தான் என்றாலும் உள்ளே சரக்கு மாறியிருக்கிறது என்று கருவிகள் முரண்டு பிடித்தன. அவளும் கம்பெனிக் கூட்டத்தில் எழுந்து நின்று கத்தினாள். புதுசுக்கு வேறு எண் கொடுங்கள், பழசை நம்பியிருக்கிற நெஞ்சுகளைத் தொடாதீர்கள் என்று தொண்டை கட்டக் கத்தினாள். நந்தகோபால் முறுக்கைக் கடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"எண்ணுல என்ன அம்மணி இருக்குது? அடிச்சு ஏத்துங்கப்பா."

அடிச்சு ஏத்துவது என்பது அந்தத் தொழிலின் கெட்ட வார்த்தை. பொருந்தாது என்று கருவி சொன்னாலும் காதில் வாங்காமல் வலுக்கட்டாயமாக நிறுவுவது. அடித்து ஏற்றினார்கள். புதுச் சரக்கு கம்பியில்லாமல் காற்று வழியாக எல்லா நெஞ்சுக்கும் போனது. ஒரு காலை நேரம், காபி டம்ளரைக் கையில் வாங்கியபடியே பூபேஷ் சாய்ந்தான். சிந்துஜா அவன் நெஞ்சில் காதை வைத்தாள். துடிப்பு முந்திக்கொண்டு ஓடியது. அவள் வைத்த தயக்கம் அதில் இல்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் துடிப்பே இல்லை.

விசாரணை வைத்தார்கள். நோயாளியின் உடல் ஒத்துழைக்கவில்லை என்று ஒற்றை வரியில் முடித்தார்கள். பூபேஷைப் போல இன்னும் சில பேர் போன பிறகுதான் பழைய 2-ஐயே திரும்ப வைத்து, திருத்தியதற்கு 3 என்று எண் கொடுத்தார்கள். இனிமேல் குழப்பமே வரக் கூடாதென்று ஒரு உடம்புக்கு ஒரு பிரதி சட்டம் வந்தது. அந்தக் குழுவுக்குத் தலைவர் யார்? சாட்சாத் நந்தகோபால். அதற்கு விருதும் கொடுத்தார்கள். சிந்துஜா அந்த நிகழ்ச்சியை டிவியில் பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த ஆள் தன் வாயால் சொல்ல வேண்டும், பூபேஷைக் கொன்றது நான்தான் என்று. ஒத்துழைக்காத உடம்பாம் உடம்பு!

மேல் மாடி அறையில் நந்தகோபால் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எலும்பும் தோலுமாகப் போயிருந்தாலும் நெற்றியில் திருநீறும், மழித்த கன்னமும் கச்சிதமாக இருந்தன. பக்கத்தில் அவருடைய ஒரே மகள் தன்ஷிகா, ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் முப்பதைத் தாண்டிய பெண். தூக்கமில்லாமல் கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"அட, சிந்துஜாவா! என்ன அம்மணி, சௌக்கியமா? தலையெல்லாம் நரைச்சுப்போச்சே!"

ஞாபகம் பளிச்சென்றுதான் இருந்தது. நினைவுத் துணை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"இருக்கேனுங்க. பூபேஷ ஞாபகம் இருக்குங்களா?"

நந்தகோபால் நெற்றியைச் சுருக்கினார். நடிப்பில்லை. உண்மையாகவே யோசித்தார், அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பூபேஷ்... ஓ, அந்தக் கேஸா? உடம்பு ஒத்துழைக்காத கேஸ். பாவம். உனக்குச் சொந்தமோ?"

"என் வீட்டுக்காரர்."

"ச்சச்ச. காலம் யாரை விட்டுது சொல்லு." ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டார். "கேளு அம்மணி, எனக்குப் பெரிய சங்கடம் ஒண்ணும் இல்ல. ரெண்டுல ஒண்ணத்தான் வெக்க முடியும்னா நினைவை எடுத்துரு. இந்த வயசுல ஞாபகம் வெச்சு என்ன பண்ணப்போறேன்? எல்லாத்தையும் மறந்துட்டு நிம்மதியாப் போய்ச் சேருவேன்."

தன்ஷிகாவின் கையிலிருந்த ஆரஞ்சு கீழே விழுந்தது. "அப்பா, நான் யாருன்னு தெரியாமப் போயிருமேப்பா" என்றாள். அவர் காதில் விழாதது போல ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நிம்மதியாமே! சிந்துஜா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்ற பாவனையில் இந்த ஆள் எல்லாவற்றையும் கை கழுவிவிட்டு, கள்ளம் கபடமில்லாத குழந்தையாகச் சாகப் போகிறாரா? பூபேஷின் பெயரைக்கூட ஒரு முறை சரியாகச் சொல்லாமலா? மாடிப்படி இறங்கும்போது அவள் முடிவு பண்ணிவிட்டாள். இந்த ஆளை வாழ வைக்க வேண்டும். ஞாபகத்தோடு வாழ வைக்க வேண்டும்.

"முடியுமுங்க டாக்டர்" என்று ஃபௌசியாவிடம் வந்து நின்றாள். "ரெண்டையும் ஓட வெக்கலாம். இன்னொரு பாத்திரம்தான். பழைய தாளத்தை நினைவுத் துணைக்கு மட்டும் தனியா ஒரு அறை கட்டி உள்ள வெச்சுடறேன். இதயத் துணைக்கு அது கண்ணுல படாது. ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்காது."

"சட்டம்?"

"உசுருக்கு ஆபத்துன்னா டாக்டர் விலக்கு எழுதலாம்னு அதே சட்டத்துல இருக்குது. அவரே எழுதின வரிதான்."

எழுதி அனுப்பினார் ஃபௌசியா. சிந்துஜா தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பழைய தாளத்தை, தன்னுடைய பிழையோடு அப்படியே, எடுத்தாள். அதன் தயக்கத்தை ஒரு தடவை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு அதற்கென்று தனி அறை கட்டினாள். இவ்வளவுதான் சிகிச்சை. இத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

லினக்ஸில் ஒவ்வொரு பொதியும், அதாவது நிறுவுகிற ஒவ்வொரு நிரல் மூட்டையும், தனக்கு எது எது வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடும். அதில் ஒன்று குறைந்தாலும் எழுந்திருக்காது. நினைவுத் துணைக்குப் பழைய தாளம் வேண்டும், அது ஏற்கெனவே இருக்கும் வரி. அவள் இன்னொரு வரி சேர்த்தாள். பழைய தாளத்துக்கு ஒரு புதுப் பொதி வேண்டும். அந்தப் பொதிக்குப் பூபேஷ் என்று பெயர் வைத்தாள்.

உள்ளே வைத்ததெல்லாம் உண்மை. அந்தக் கூட்டத்தின் ஒலிப்பதிவு, முறுக்குக் கடிக்கும் சத்தத்தோடு. பூபேஷின் நெஞ்சுக் கருவி கடைசியாகப் பதிந்து வைத்த துடிப்புகள். காபி டம்ளரோடு அவன் சிரிக்கும் ஒரு படம். நினைவுத் துணை இதையெல்லாம் டிவி பார்ப்பது போல வெளியே காட்டாது. தானே அங்கே இருந்தாற்போல, தன் காதையே அந்த நெஞ்சில் வைத்தாற்போல உள்ளே இறக்கும். தினம் காலையில் நந்தகோபால் கண் விழித்ததும் முதலில் ஏறுவது பூபேஷ். அப்புறம் தாளம். அதற்கும் அப்புறம்தான் நினைவுத் துணை ஏறும். மகள் பேர், வீட்டு விலாசம், விருது எல்லாம் வரும். பூபேஷை எடுத்தால் மிச்சம் எதுவும் எழுந்திருக்காது.

பராமரிப்பவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். இது தான் வைத்ததுதான் என்று கருவி நம்புவதற்கான மின்கையெழுத்தை, அதாவது தன் முத்திரையை, அதன்மேல் வைத்தாள். கைச்சாவி ஒன்று அவளிடம் உண்டு, கட்டைவிரல் அளவு. அதைக் கணினியில் சொருகினால்தான் முத்திரை விழும். முத்திரைக்கு ஆயுள் ஒரு வருஷம் என்று வழக்கம் போலப் போட்டாள். பழக்க தோஷம்.

"இது என்ன மூணாவதா ஒண்ணு?" என்று ஃபௌசியா பட்டியலைப் பார்த்துக் கேட்டார்.

"அது இல்லாம மத்தது நிக்காதுங்க."

ஃபௌசியா அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பெயரையும் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் சரி என்று தட்டிவிட்டுப் போனார். நந்தகோபாலின் இதயம் அன்றே ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. மறுநாள் விடிந்ததும் மேல் மாடியிலிருந்து ஒரு கிழவர் ஓவென்று அழுகிற சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. சிந்துஜா கேண்டீனில் உட்கார்ந்து இரண்டு பூரி வாங்கி நிதானமாகச் சாப்பிட்டாள். அவ்வளவு ருசியாக அவள் சாப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

மழைக்காலம் முடிந்து வெயில் திரும்பியபோது தன்ஷிகா அவளைத் தேடி வந்தாள். முன்பைவிட இளைத்திருந்தாள். வந்ததும், "அக்கா, அந்தப் பூபேஷை எடுத்துருங்க" என்றாள்.

சிந்துஜா இதை எதிர்பார்த்திருந்தாள். பதிலும் தயாராக இருந்தது. "ஏன் கண்ணு, உங்கப்பா தாங்க மாட்டேங்கறாரா?"

"தாங்கறாரான்னா கேக்கறீங்க?" தன்ஷிகா சிரித்த சிரிப்பு நன்றாக இல்லை. "மொதல் ஒரு மாசம் துடிச்சாருங்கக்கா. எந்திரிச்சதும் நெஞ்சப் புடிச்சிட்டு, நாந்தான் கொன்னேன் நாந்தான் கொன்னேன்னு அழுவாரு. நான் யாருன்னு தெரியறதுக்குள்ள அரைமணி நேரம் ஆயிரும். எனக்கே தாங்கல. நான் உள்ள என்ன இருக்குதுன்னு தெறந்து பாத்தேன். அந்தக் கூட்டம், முறுக்கு, எல்லாம் கேட்டேன். உங்க மேல கோவம்கூட வரல. வேற ஒரு ஆஸ்பத்திரில கேட்டதுக்கு, முத்திரை போட்டவங்ககிட்டச் சொன்னா நினைவு கெடாம இதை மட்டும் எடுத்துத் தருவாங்கன்னாங்க. அப்பாதான் வேண்டாம்னுட்டாரு."

"வேண்டாம்னாரா?"

"எனக்கு இதுதான் தண்டனை, இருக்கட்டும்னாரு. நானும் அன்னிக்கு அழுதுட்டேன், அப்பா மாறிட்டாருன்னு. அப்புறம்தான் ஒரு சங்கத்துக்காரங்க கூப்ட்டாங்க. மேடையில ஏறி இந்தக் கதையச் சொன்னாரு. சனம் எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு. அடுத்து ஒரு காலேஜ். அப்புறம் டிவி. இதப் பாருங்க."

போனை நீட்டினாள். ஒரு கல்யாண மண்டபம். மேடையில் நந்தகோபால், தோளில் பொன்னாடை, கழுத்தில் ரோஜா மாலை. பின்னால் பேனரில் 'தன் மனசாட்சியைத் தன் உடலுக்குள் தானே பொருத்திக்கொண்ட மாமனிதர்' என்று கொட்டை எழுத்தில். மைக்கைப் பிடித்துத் தழுதழுத்தார். "யாரும் என்னைக் கேக்கல. எந்தக் கோர்ட்டும் சொல்லல. நானேதான் செஞ்சுகிட்டேன்." கண்ணைத் துடைத்தார். முன்வரிசையில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

சிந்துஜா கணினியைத் திறந்து அந்தப் பொதியைத் தேடி எடுத்தாள். பூபேஷ். பராமரிப்பவர்: நந்தகோபால்.

அவள் வாயிலிருந்து வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. மேஜையில் இருந்த டீ கவிழ்ந்து தரையெல்லாம் ஓடியது. தாளத்தைத் திருடினார், சரி. பூபேஷின் உயிரை எடுத்தார். இப்போது பழிவாங்கியதையும் எடுத்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டாரா? அவள் வைத்த நெருப்பில் குளிர் காய்கிற மனுஷனை என்னதான் செய்வது?

"பேரை எப்ப மாத்தினாரு?"

"அந்த மொதல் மேடைக்கு முந்தின நாளுங்க. யாரையோ வெச்சு." தன்ஷிகா குனிந்து சிந்திய டீயைத் துணியால் துடைத்தாள். "உங்க பேரை ஒரு மேடையிலகூடச் சொல்லலீங்கக்கா. உங்க வீட்டுக்காரர் பேரையும் சொல்றதில்ல. 'ஒரு நோயாளி'ங்கறாரு. அழறது அவருக்குப் புடிச்சுப் போச்சு. காலையில அழுது முடிச்சதும் கண்ணாடி முன்னால நின்னு, இன்னிக்கு என்ன சட்டை போடறதுன்னு கேக்கறாரு. அதான் எடுத்துருங்கங்கறேன். அவரு பாவம்னு சொல்லல. அந்த மேடைய என்னால பாக்க முடியல."

சிந்துஜா யோசித்தாள். எடுத்துவிட்டால் அவர் பழையபடி ஒத்துழைக்காத உடம்பு என்று சொல்லிக்கொண்டு ஆரஞ்சு தின்பார். விட்டு வைத்தால் மாலை மேல் மாலையாக விழும். இரண்டில் எது நடந்தாலும் ஜெயிப்பது அவர்தான்.

அப்போதுதான் அந்தக் கடைசி வரி அவள் கண்ணில் பட்டது. முத்திரை: சிந்துஜா. பெயரை மாற்ற முடிந்தவரால் முத்திரையை மாற்ற முடியவில்லை. மாற்றவும் முடியாது, முதலில் எந்தச் சாவியால் பூட்டியதோ அந்தச் சாவியைத்தான் கருவி நம்பும். ஆயுள் ஒரு வருஷம். அதில் பெரும்பகுதி போய்விட்டது. நாள் முடிந்ததும் புது முத்திரை விழாவிட்டால் பூபேஷ் ஏறாது. பூபேஷ் ஏறாவிட்டால் தாளம் ஏறாது, தாளம் இல்லாமல் நினைவும் இல்லை. மேடையும் இல்லை. இதயம் மட்டும் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும்.

அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. வரட்டும். வருஷா வருஷம் அந்த ஆள் இந்த நாற்காலியில் வந்து உட்காரட்டும். பூபேஷ் என்று பெயர் சொல்லி, நான் கொன்றேன் என்று சொல்லி, தயவுசெய்து முத்திரை போடுங்கள் என்று கேட்கட்டும். அப்புறம் அவளுக்கே அந்த எண்ணம் கசந்தது. வருஷா வருஷம் அந்த மூஞ்சியைப் பார்த்து, அந்த அழுகையைக் கேட்டு, ஒவ்வொரு தடவையும் பூபேஷின் நெஞ்சில் மறுபடி காதை வைக்க வேண்டுமா? அவருக்குப் போட்ட கயிற்றின் மறுமுனை அவள் கழுத்தில் அல்லவா கிடக்கிறது. அவரை யார் முன்னால் நிறுத்தினால் உண்மையாகவே வலிக்கும்? ஊர் முன்னால் நிறுத்தினால் பொன்னாடை போடுகிறார்கள். அவள் முன்னால் நிறுத்தினால் அதையும் அடுத்த மேடையில் கதையாக்கிவிடுவார்.

எதிரே, டீத் துணியைப் பிழிந்துகொண்டு அவர் பெற்ற மகள் நின்றாள்.

இப்படி ஒன்று தோன்றியதற்கு சிந்துஜா வெட்கப்பட்டிருக்க வேண்டும். பட மாட்டேன் என்றது மனசு. இழுப்பறையைத் திறந்து கைச்சாவியை எடுத்தாள். அந்தப் பொதிக்கு மட்டும் செல்லும்படி அதன் நகல் ஒன்றைப் போட்டாள். பராமரிப்பவர் என்ற இடத்தில் நந்தகோபாலை அழித்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, தன்ஷிகா என்று எழுதினாள்.

"நான் எடுக்கப் போறதில்ல கண்ணு. இது இனி உன் கையில. வருஷத்துக்கு ஒருக்கா இந்தச் சாவியச் சொருகி முத்திரை போடோணும். நாள் வந்ததும் அவரே உன்கிட்ட வந்து கேப்பாரு. வேற வழியில்ல."

"என்னன்னு கேப்பாரு?"

"அத நீயே சொல்லிக்குடு. என்ன சொன்னா முத்திரை போடுவேன்னு நீதான் முடிவு பண்ணோணும். பேர் சொல்லி, நான்தான் பண்ணேன்னு உன் மொகத்தப் பாத்துச் சொல்லட்டும். கைதட்டு இல்லாம, மாலை இல்லாம, பெத்த பொண்ணுகிட்டச் சொல்லட்டும்."

தன்ஷிகா சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கணக்கு டீச்சர் அல்லவா, விடையைச் சரிபார்ப்பது போல நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"சொன்னாலும் பொய்யா, நடிச்சுச் சொன்னா?"

"உனக்குத் தெரியாதா, உங்கப்பா நடிக்கறது?"

"தெரியுமுங்க." சாவியை விரலால் புரட்டினாள். "நான் முத்திரை போடலீன்னா அவருக்கு நான் யாருன்னு தெரியாது. அப்படித்தானுங்க?"

"தெரியாது."

அன்றைக்கு மேல் மாடி அறையில் இதே கேள்விக்குத்தான் இந்தப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். இன்றைக்கும் அழுவாள், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவாள் என்று சிந்துஜா ஒரு நிமிஷம் நினைத்தாள். நினைத்தாளா, ஆசைப்பட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"பரவாயில்லீங்கக்கா" என்றாள் தன்ஷிகா.

அந்த முகத்தில் இருந்தது என்னவென்று சிந்துஜாவுக்குத் தெரியும். பல வருஷம் தினம் தலை சீவும்போது கண்ணாடியில் பார்த்த முகம் அது. அடப்பாவி, யாருக்குள்ளே எதைக் கொண்டு போய் ஏற்றிவிட்டேன் என்று பதறி எழுந்தாள்.

"கண்ணு, அந்தச் சாவி... இப்ப எங்கிட்டவே இருக்கட்டும். நாள் கெடக்குது. அப்புறம் பாத்துக்கலாம், குடு."

தன்ஷிகா அதைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். "வேண்டாங்கக்கா. எங்கிட்டவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வாசலில் இருந்த மிதியடியை நேராகப் போட்டுவிட்டு, லிஃப்டுக்கு நடந்தாள்.